காந்தப்புலக் கணக்குக்கு எந்த மென்பொருள்?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும், பாலிடெக்னிக்கில் இறுதியாண்டுத் திட்டம் செய்யும் மாணவர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, காந்தப்புலத்தைச் சிமுலேஷன் செய்ய எந்த மென்பொருள் நல்லது?" பெயர் சொல்வது எளிது. இணையத்தில் தேடினால் இருபது பெயர்கள் கிடைக்கும். ஆனால் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: கடைசியில் உங்களுக்கு வேண்டிய எண் எது?

இழுவிசை எத்தனை நியூட்டன் என்று தெரிய வேண்டுமா? சென்சர் இருக்கும் இடத்தில் புலம் எத்தனை மில்லிடெஸ்லா என்றா? சுருளின் மின்தூண்டல் எத்தனை ஹென்றி என்றா? அல்லது இரும்பு எவ்வளவு சூடாகும் என்றா? இதற்குப் பதில் இல்லாதவருக்கு எல்லா மென்பொருளும் ஒன்றுதான். எல்லாமே சிவப்பும் நீலமும் கலந்த அழகான படத்தைக் காட்டும். அறிக்கையின் அட்டையில் போட அது உதவும், வேறு எதற்கும் உதவாது.

முதலில் காகிதம்

ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். பினாங்கின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நுழைவாயில் கதவின் மேற்புறத்தில் நீளமான உலோகப் பட்டை ஒன்று இருக்கும். அட்டையைக் காட்டியதும் 'டக்' என்று விடுவித்துக்கொள்ளும் மின்காந்தப் பூட்டு அது. 280 கிலோ இழுவையைத் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். உள்ளே ஆங்கில 'ஈ' எழுத்தின் வடிவில் வெட்டிய இரும்புத் தகடுகளின் அடுக்கும், நடுக்காலைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். கதவில் தட்டையான இரும்புத் துண்டு ஒன்று. அவ்வளவுதான்.

இரும்பும் இரும்பும் ஒட்டும் பரப்பில் பாய அடர்த்தி, அதாவது காந்தப்புலத்தின் செறிவு, 1 டெஸ்லா என்றால், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் சுமார் 40 நியூட்டன் இழுவை கிடைக்கும். ஏறக்குறைய 4 கிலோ எடை. இழுவை பாய அடர்த்தியின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால், 1.5 டெஸ்லாவில் அது சுமார் 90 நியூட்டனாக உயரும். 280 கிலோ என்பது சுமார் 2,750 நியூட்டன். ஆக, 30 சதுர செ.மீ. ஒட்டுப்பரப்பு இருந்தால் பெட்டியில் போட்டிருக்கும் எண் நியாயமானதே. இதற்கு ஒரு பேனாவும் கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரும் போதும்.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. கதவுத் துண்டில் துரு ஏறிவிட்டது. அல்லது பராமரிப்பு ஆள் அதற்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிட்டார். இப்போது 0.1 மி.மீ. இடைவெளி. காந்தப் பாயம் அந்த இடைவெளியைப் போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் தாண்ட வேண்டும். 1.5 டெஸ்லாவை அப்படியே காப்பாற்ற இடைவெளிக்கு மட்டும் சுமார் 240 ஆம்பியர்-சுற்று (மின்னோட்டத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கிய அளவு) கூடுதலாக வேண்டும். பூட்டில் அவ்வளவு கையிருப்பு இருக்காது. புலம் குறையும், இழுவை அதைவிட வேகமாகக் குறையும். எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி. பாயத்தின் ஒரு பகுதி காற்றில் கசிகிறது. மூலைகளில் இரும்பு தெவிட்டுகிறது. சாதாரண இரும்பு 1.5 டெஸ்லாவைத் தாண்டியதும் முரண்டு பிடிக்கத் தொடங்கும். 2 டெஸ்லாவைத் தாண்டிய பிறகு மின்னோட்டத்தை எவ்வளவு கூட்டினாலும் சொற்பமாகவே பலன் தரும். இவை எல்லாம் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதால் கைக்கணக்கு இங்கே நின்றுவிடுகிறது. மென்பொருளுக்கு இங்கேதான் வேலை.

இரண்டு பரிமாணமா, மூன்றா?

முப்பரிமாணம் என்றால் உயர்ந்தது, இருபரிமாணம் என்றால் சிறுவர் விளையாட்டு என்ற எண்ணம் மாணவர்களிடம் ஆழமாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலே சொன்ன பூட்டையே பாருங்கள். அதை நீளவாக்கில் எங்கே வெட்டினாலும் ஒரே வடிவம். ஒரு வெட்டுமுகத்தை வரைந்து கணக்கிட்டு நீளத்தால் பெருக்கினால் போதும். இரு முனைகளில் கொஞ்சம் பிழை வரும். நீளமான பொருளில் அது பெரிதல்ல.

இன்னொரு வகை அச்சுச் சமச்சீர் உள்ளது. ஒலிபெருக்கி, வளையக் காந்தம், தொழிற்சாலைகளில் காற்றழுத்தக் குழாய்களைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு ஆகியவை ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினாற்போல் இருக்கும். இவற்றுக்கும் ஒரு பாதி வெட்டுமுகமே போதும். கணக்கிடுவதற்காக மென்பொருள் வெட்டுமுகத்தைப் பிரிக்கும் சில ஆயிரம் முக்கோணங்கள், சில நொடிகள், விடை வந்துவிடும். அளவை மாற்றி மீண்டும் ஓட்டலாம். ஒரு மாலைப் பொழுதில் நூறு வடிவங்களைக்கூட ஒப்பிட்டுவிடலாம். முப்பரிமாணத்தில் கூறுகளின் எண்ணிக்கை லட்சங்களுக்கு ஏறும், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் காத்திருக்க வேண்டும், தவறாக வரைந்த மூலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

இரண்டிலும் அடங்காத பொருள்கள் உண்டு. காரின் ஆல்டர்னேட்டரில் நகங்களைப் போல் பின்னியிருக்கும் துருவங்கள், மோட்டாரின் இரு முனைகளிலும் வளைந்து திரும்பும் கம்பிகள், அச்சிலிருந்து விலகி நிற்கும் சென்சர் ஆகியவற்றுக்கு மூன்றாவது பரிமாணம் தேவைதான். தேவை இருந்தால் போகலாம், பெருமைக்காகப் போக வேண்டாம்.

புலம் நிற்கிறதா, ஆடுகிறதா?

நேர்மின்னோட்டமும் நிலைக்காந்தமும் மட்டும் என்றால் கணக்கு எளிது. காலம் என்ற ஒன்றே அதில் இல்லை. மாறுதிசை மின்னோட்டம் வந்ததும் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். அவை புலத்தை உள்ளே விடாமல் எதிர்க்கும். அதனால் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டிய ஒரு மெல்லிய அடுக்கில் ஒதுங்கிவிடும். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செம்பில் அந்த ஆழம் 9 மி.மீ.க்குச் சற்று மேல். இண்டக்ஷன் அடுப்பைப் போல 25 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் அது 0.4 மி.மீ. ஆகச் சுருங்கும். இரும்பில் 50 ஹெர்ட்ஸிலேயே 1 மி.மீ.க்குக் கீழே போய்விடும். டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகத்தை ஒரே கட்டியாக வார்க்காமல் மெல்லிய தகடுகளாக அடுக்குவதற்குக் காரணம் இதுதான். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, 'காந்தநிலையியல்' (மாறாமல் நிற்கும் புலம்) மட்டும் தெரிந்ததா, மாறுதிசைக் கணக்கும் தெரிந்ததா என்று பார்ப்பதற்கும் இதுவே காரணம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'மின்காந்த சிமுலேஷன்' என்று தேடினால் ஆன்டெனாவுக்கான மென்பொருள்களும் சேர்ந்தே வரும்: எச்.எஃப்.எஸ்.எஸ்., ஓபன்இ.எம்.எஸ்., மீப் போன்றவை. அவை அலைகளுக்கானவை. 50 ஹெர்ட்ஸ் மின்காந்த அலையின் நீளம் 6,000 கி.மீ. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் போய் வரும் தொலைவு அதற்கு முன் ஒன்றுமே இல்லை. மேசை மேல் வைக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் அலை என்ற பேச்சுக்கே இடமில்லை. சாலைக் கட்டணம் செலுத்தும் டச் அன் கோ அட்டை வேலை செய்யும் 13.56 மெகாஹெர்ட்ஸில்கூட அலைநீளம் 22 மீட்டர். உள்ளங்கை அளவுள்ள அந்த அட்டை காந்தப்புலத்தால்தான் இயந்திரத்தோடு பேசுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு வந்தால் அலைநீளம் 12.5 செ.மீ. அங்கேதான் அலை மென்பொருள் வேண்டும். அதில் கதவுப் பூட்டைக் கணக்கிட முயன்று மாதக் கணக்கில் அல்லாடியவர்களை நான் அறிவேன்.

மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது?

காந்தப்புலச் சமன்பாடுகளைப் பெரும்பாலான வடிவங்களுக்கு நேரடியாகத் தீர்க்க முடியாது. ஆகவே இடத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகவோ நான்முகிகளாகவோ வெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் விடை மிக எளிய வடிவத்தில் மாறுகிறது என்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒட்டிப் பெரிய சமன்பாட்டுத் தொகுதியாக்கித் தீர்க்கிறார்கள். முடிவுறு கூறு முறை என்பது இதுதான். பினாங்குத் தீவின் நில உயரத்தை அளக்கப் போகும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்: விமான நிலையப் பக்கச் சமவெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் குறித்தால் போதும், ஆயர் ஈத்தாமிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் சரிவில் அடிக்கொரு புள்ளி வேண்டும். காந்தத்திலும் அப்படியே. காற்றிடைவெளி, கூரிய மூலை, மேலே சொன்ன மெல்லிய மேற்பரப்பு அடுக்கு ஆகிய இடங்களில் இந்த முக்கோணங்களின் வலை நெருக்கமாக இருக்க வேண்டும். தொலைவில் உள்ள காற்றில் தாராளமாக விடலாம். காற்றிடைவெளியின் குறுக்கே ஒரே ஒரு அடுக்கு முக்கோணம் இருந்தால் அங்கே வரும் விசை எண்ணை நம்பாதீர்கள். மூன்று நான்கு அடுக்குகளாவது வேண்டும்.

இந்த முறை கட்டடங்களையும் விமானங்களையும் கணக்கிடப் பிறந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் சில்வெஸ்டரும் எம்.வி.கே. சாரியும் 1970இல் தெவிட்டும் இரும்புக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோல்டன் செண்டஸ் 1984இல் அன்சாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்; அதன் மேக்ஸ்வெல் மென்பொருள் 2008இல் ஆன்சிஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதே பல்கலைக்கழகத்தில் 1982இல் முனைவர் பட்டம் பெற்ற யாழ்ப்பாணத்துத் தமிழர் ரட்ணஜீவன் ஹூல் இந்தத் துறையில் மதிக்கப்படும் பெயர். இலங்கைத் தேர்தல் ஆணைக்குழுவின் முன்னாள் உறுப்பினராக மட்டுமே அவரை அறிந்தவர்கள் நம்மில் அதிகம்.

இனிப் பெயர்கள்

தொடக்கநிலையில் இருப்பவருக்கு என் விடை பெரும்பாலும் ஃபெம் (FEMM). ஃபைனைட் எலிமென்ட் மெத்தட் மேக்னட்டிக்ஸ் என்பதன் சுருக்கம். டேவிட் மீக்கர் எழுதியது, இலவசம், விண்டோஸில் ஓடும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் வைன் வழியாக ஓட்டுகிறார்கள். இருபரிமாண வெட்டுமுகம், அச்சுச் சமச்சீர் இரண்டும் உண்டு. நிலையான புலம், ஒரே அதிர்வெண்ணில் ஆடும் புலம் இரண்டையும் கணக்கிடும். இரும்பு வகைகளின் காந்தமேற்ற வளைகோடுகள் அதன் நூலகத்திலேயே இருக்கின்றன. லூவா மொழியிலோ பைத்தானிலோ நிரல் எழுதி, இடைவெளியை 0.05 மி.மீ. 0.05 மி.மீ. ஆகக் கூட்டி இழுவை எப்படிக் குறைகிறது என்று தானாக வரைபடம் போட வைக்கலாம். நம் பூட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. இதன் முகப்பு பழைய பாணியில் இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். மூன்றாவது பரிமாணம் அதில் இல்லை, காலத்தோடு நகரும் பாகங்களை நேரடியாகக் கணக்கிடாது. இவையே உண்மையான எல்லைகள்.

இரும்பே இல்லாத வேலைகளுக்கு, அதாவது ஒரு காந்தமும் ஒரு சென்சரும் மட்டும் இருக்கும் இடத்தில், வலை வெட்டுவதுகூடத் தேவையில்லை. மேக்பைலிப் என்ற பைத்தான் நூலகம் உருளை, கனசதுரம், சுருள் போன்றவற்றின் புலத்தை நேரடிச் சூத்திரங்களால் கணக்கிடுகிறது. முப்பரிமாணத்தில், கண்ணிமைக்கும் நேரத்தில். பக்கத்தில் இரும்புத் தகடு ஒன்று வந்துவிட்டால் மட்டும் அந்தச் சூத்திரங்கள் பொருந்தாமல் போகும்.

மூன்று பரிமாணமும் வேண்டும், பணமும் இல்லை என்றால் எல்மர் இருக்கிறது. பின்லாந்தின் சி.எஸ்.சி. கணினி மையத்தில் வளர்ந்த திறந்தமூல மென்பொருள். கெட்-டிபி என்பது பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஜிமெஷ் என்ற வலை வெட்டும் கருவியோடு சேர்ந்து ஓடும். இரண்டுமே வலிமையானவை. இரண்டுமே பொறுமையைச் சோதிப்பவை. எந்தச் சமன்பாடு எந்தப் பகுதிக்கு என்று நீங்களே சொல்லித் தர வேண்டியிருக்கும். இயற்பியலை ஆழமாகக் கற்க விரும்புபவருக்கு அது வரம், அடுத்த மாதம் அறிக்கை கொடுக்க வேண்டியவருக்குத் தலைவலி.

பணம் கொடுத்து வாங்குபவற்றில் ஆன்சிஸ் மேக்ஸ்வெல், ஜப்பானின் ஜேமேக், ஆல்டேர் ஃப்ளக்ஸ், சீமென்ஸின் மேக்நெட் ஆகியவை மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் செய்பவர்களின் கூடாரம். சுழலும் பாகம், மின்சுற்று, இரும்பில் வீணாகும் ஆற்றல் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும். காந்தத்தோடு வெப்பமும் இயந்திர அழுத்தமும் பிணைந்திருந்தால் காம்சால் வசதியானது. துகள்முடுக்கிக்குக் காந்தம் வடிவமைப்பவர்களின் உலகம் தனி. அவர்கள் ஓபரா, ரேடியா என்று பேசுவார்கள். விலையை இவற்றில் பல நிறுவனங்கள் வெளியே எழுதிப் போடுவதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆன்சிஸ் மாணவர் பதிப்பு இலவசம், கணக்கின் அளவுக்கு வரம்பு உண்டு. ஒன்றை மறந்துவிட வேண்டாம்: மாணவர் உரிமத்தையோ பல்கலைக்கழக உரிமத்தையோ வைத்துத் தொழிற்சாலையின் வேலையைச் செய்யக் கூடாது. பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர்கள் தெரியாமல் இந்தக் கோட்டைத் தாண்டுகிறார்கள்.

படம் வந்துவிட்டது, நம்பலாமா?

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும் என்பேன். எந்த மென்பொருளைப் பிடித்தாலும் முதலில் விடை தெரிந்த கணக்கைக் கொடுங்கள். 5 செ.மீ. ஆரமுள்ள வட்டச் சுருள், 100 சுற்று, 1 ஆம்பியர். மையத்தில் 1.26 மில்லிடெஸ்லா வர வேண்டும். ஆயிரம் மடங்கு தவறாக வந்தால் மில்லிமீட்டரையும் மீட்டரையும் கலந்துவிட்டீர்கள். ஃபெம்மில் நீள அலகு அங்குலத்தில் நிற்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள்.

சில விழுக்காடு மட்டும் தவறினால், பொருளைச் சுற்றி வரைந்த காற்றுப் பெட்டியைச் சந்தேகியுங்கள். உண்மையில் புலம் முடிவின்றிப் பரவுகிறது. கணினியிலோ எங்காவது சுவர் எழுப்பித்தான் ஆக வேண்டும். பொருளின் அளவைப் போல் ஐந்து மடங்கு தள்ளிச் சுவரை வைப்பது நல்ல தொடக்கம். பிறகு அதையும் இரட்டிப்பாக்கிப் பாருங்கள். விடை நகர்ந்தால் பெட்டி சிறியது. வலையை இரண்டு மடங்கு நெருக்கமாக்கி மீண்டும் ஓட்டுங்கள். அப்போதும் நகர்ந்தால் வலை போதவில்லை. இரும்புக்குள் எங்காவது 3 டெஸ்லா என்று காட்டினால், பெரும்பாலும் தெவிட்டாத கற்பனை இரும்பைப் பொருளாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அளவி வேறு எண்ணைக் காட்டும். அப்போது மென்பொருளை மாற்றத் துடிக்காதீர்கள். நான் பார்த்தவரை, ஒழுங்காக ஓட்டப்பட்ட இரண்டு மென்பொருள்களுக்கு இடையே வரும் வேறுபாடு சிறியது. பிறாயில் உள்ள இரும்புக் கடையில் வாங்கிய தகடு எந்த வகை என்று தெரியாததால் வரும் பிழை அதைவிடப் பல மடங்கு பெரியது. காந்தமும் அப்படித்தான். என்35 வகை நியோடிமியம் காந்தத்தில் எஞ்சு பாய அடர்த்தி (காந்தம் தன்னிடமே வைத்திருக்கும் புலச் செறிவு) 1.2 டெஸ்லாவை ஒட்டி இருக்கும், என்52 என்றால் 1.4க்கு மேல். இணையத்தில் மலிவாக வாங்கிய காந்தத்தில் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பிக் கணக்குப் போட்டால், பிழை அந்தச் சீட்டிலேயே இருக்கலாம். சூடானால் அதன் வலிமையும் குறையும்.

நுண்ணிய சென்சர்களோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. பூமியின் காந்தப்புலத்தைப் பல பாடநூல்கள் 50 மைக்ரோடெஸ்லா என்று பொதுவாக எழுதும். பினாங்கு காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே அது 40 மைக்ரோடெஸ்லாவைச் சற்றுத் தாண்டும் அளவுதான். லண்டனில் ஊசி 65 பாகைக்கு மேல் தரையை நோக்கிச் சாயும். இங்கே புலம் கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் இருக்கிறது. அதை ரத்து செய்ய ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் (ஒரே அச்சில் வைத்த இரட்டைச் சுருள்) கட்டுபவர் ஐரோப்பிய எடுத்துக்காட்டின் திசையை அப்படியே எடுத்துக்கொண்டால் சுருள் தவறான பக்கம் பார்க்கும். கைப்பேசியில் இருக்கும் காந்தமானியே இதைக் காட்டிவிடும், இரும்பு மேசையிலிருந்து தள்ளி நின்று பார்த்தால்.

முப்பரிமாண மென்பொருளைப் புதிதாகக் கற்பவருக்கு, பன்னாட்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே தொகுத்து வைத்துள்ள டீம் கணக்குகள் உண்டு. அளந்து பார்த்த விடைகளோடு கிடைக்கின்றன. 20ஆம் கணக்கு முப்பரிமாண விசையைப் பற்றியது. பூட்டு, வால்வு போன்றவற்றில் இறங்குபவர் அதை ஒரு முறை போட்டுப் பார்ப்பது பயன் தரும்.

வேலையிடத்தில் தேர்வு பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது. ஜப்பானிய வாடிக்கையாளர் ஜேமேக் கோப்பு அனுப்பினால் ஜேமேக்தான். குழுவில் மூத்த பொறியாளர் பத்து ஆண்டுகளாக மேக்ஸ்வெல் ஓட்டுகிறார் என்றால், சந்தேகம் கேட்க ஆள் இருக்கிறது என்ற ஒரு காரணத்துக்காகவே மேக்ஸ்வெல்லைக் கற்கலாம். அப்போதும் ஃபெம்மை மடிக்கணினியிலிருந்து நீக்க வேண்டாம். பெரிய கணக்கை இரவில் ஓட விட்டுவிட்டு, அதன் ஒரு வெட்டுமுகத்தை அதில் வரைந்து வைத்தால், காலையில் வரும் எண்ணை ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும்.